தலைமையமைச்சர் அல்லர், தீசக்!

2017ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் இலியோ வராட்கர் என்பார் அயர்லாந்து நாட்டின் ஆட்சித் தலைமையை ஏற்றார். அவர் தந்தையார் மராட்டிய மண்ணிலிருந்து சென்று குடியேறிய மருத்துவர். அந்த உறவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தமிழ் நாளிதழ்களும் அச்செய்தியைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. 'அயர்லாந்து பிரதமர்' என்றே அவை எழுதின. ஆங்கிலச் செய்தியில் வந்ததை வடசொல்லால் பெயர்த்து, மிக வேண்டிய ஒற்றையும் விட்டுவிட்டு அச்சேற்றியதோடு அவற்றின் கடமை முடிந்தது.

அந்நாட்டில் அப்பொறுப்புக்குப் பெயர் அதுவன்று. அயர்லாந்தின் அரசியல் யாப்பு தன் 28ஆம் பிரிவில், அரசின் தலைவர் 'தீசக்' என்றே அழைக்கப்பெறுவார் என்று வரையறுத்துள்ளது. ஐரிசு மொழியிலுள்ள வடிவத்தில் மட்டுமன்று, அதே யாப்பின் ஆங்கில வடிவத்திலும் அச்சொல்லே நிற்கிறது. வாழ்நாள் முழுதும் ஆங்கிலமே பேசும் தபுலின் நகரத்துக் கடைக்காரனும், தன் ஆங்கிலத்துக்கு நடுவே 'தீசக் இன்று இதைச் சொன்னார்' என்றே பேசுகிறான். ஆங்கிலம் தின்று தீர்த்த நிலத்தில் ஆங்கிலத்தின் தொண்டையிலேயே போய் நின்றுகொண்ட ஒரு சொல் இது. இதன் வரலாற்றையும் இலக்கணத்தையும் அறிவது, ஒரு சொல்லுக்குள் ஒரு மொழி எவ்வளவு அடங்கும், எவ்வளவு அடங்காது என்பதை அறிவதாகும்.

முதலில் ஒலிப்பைக் காண்போம். 'தீசக்' என்று இங்கு எழுதப்பெறுவது அண்ணளவான வடிவமே. முதலில் வரும் தகரம் தமிழ்த் தகரம் போலவே பல்லை ஒட்டிப் பிறப்பது. ஆங்கிலேயன் நாவுக்கு எளிதில் அகப்படாத அவ்வொலி தமிழன் நாவுக்கு இயல்பாக வரும். நடுவிலுள்ள சகரம், நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நெருங்க உரசி வருவது. இறுதியில் நிற்பது அடைத்து வெடிக்கும் ககரம் அன்று; ஆய்தம் போலத் தொண்டையை ஒட்டி உரசிச் செல்லும் ஒலி. 'தீசஃ' என்று எழுதினாலும் பிழையாகாது.

ஐந்தே ஒலிகளுள்ள இச்சொல்லை எழுதுதற்கு ஐரிசு மொழியில் ஒன்பது எழுத்துகள் வேண்டியுள்ளன. இதைக் கண்டு நகைப்பவர் உண்டு. நகைப்பவர் அம்மொழியின் மெய்யெழுத்து முறையை அறியாதவர். ஐரிசு மெய்கள் ஒவ்வொன்றும் இருவகைப்படும்: அகன்ற மெய், ஒடுங்கிய மெய். ஒரு மெய் எவ்வகையது என்பதைத் தனிக்குறியால் காட்டாமல், அதன் இருமருங்கிலும் நிற்கும் உயிரெழுத்துகளால் காட்டுவது அம்மொழியின் முறை. எனவே இச்சொல்லில் வரும் உயிரெழுத்துகள் சில ஒலித்தற்கு அல்ல. அருகிலுள்ள மெய்யின் தன்மையை அறிவித்தற்கே நிற்கின்றன. நடுவிலுள்ள சகரம் ஒடுங்கியது என்று சொல்ல இருபக்கமும் இரண்டு காவலர். இறுதி மெய் அகன்றது என்று சொல்ல இன்னொருவர். எழுத்து வீணாகவில்லை, வேலை செய்கிறது.

பழைய ஐரிசு அச்செழுத்தில் இன்னும் ஓர் அழகு இருந்தது. இறுதி மெய்யின் தலையில் ஒரு புள்ளி இட்டு, அது உரசொலியாக மெலிந்ததைக் காட்டினர்; சொல் எட்டெழுத்தோடு முடிந்தது. உரோமானிய அச்சுக்கு மாறியபோது புள்ளி நீங்கி, அவ்விடத்தில் கூடுதலாக ஓர் எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் மெய்யின் தலைப்புள்ளி உயிரின்மையைக் காட்டும். ஐரிசில் அது மெலிவைக் காட்டிற்று. தொழில் வேறு, ஆயினும் புள்ளியின் அருமையை அறிந்தவர்க்கு, அதை இழந்த எழுத்தைப் பார்க்கையில் சிறிது வருத்தம் தோன்றாமற் போகாது.

இனி வேர். ஐரிசு மொழியில் 'தூசு' என்றொரு சொல் உண்டு. தமிழ்ச் செவிக்கு அது வேறொன்றாய்க் கேட்பினும், அங்கே அதற்குத் தொடக்கம், முதல் என்று பொருள். அதனின்றும் பிறந்ததே பழைய ஐரிசில் 'தோய்செக்' என்றிருந்த சொல். முதலில் அது 'முதலாவதான', 'முன்னிற்கின்ற' எனும் பொருளில் பெயரடையாக வழங்கிற்று. பின்னர் முன்னிற்பவனையே குறிக்கும் பெயராயிற்று. முதல் என்பதிலிருந்து முதல்வன் தோன்றியவாறே தூசிலிருந்து தீசக் தோன்றினான். இரு மொழிகளுக்கும் இதனால் உறவு கற்பிக்க வேண்டா. மாந்தன் எங்கும் ஒருவாறே எண்ணுகிறான் என்பதே இதன் பொருள். இன்னும் ஆழச் சென்றால், 'நடத்திச் செல்' எனும் பொருளுள்ள பழைய வினைவேர் ஒன்றும், அதன் முன் 'நோக்கி' எனப் பொருள்படும் முன்னொட்டு ஒன்றும் சேர்ந்து 'தூசு' உருவானமை புலப்படும். முன்னின்று நடத்துவோன் என்பதே சொல்லின் உட்கிடை.

இதற்குச் சான்று அயர்லாந்தில் மட்டும் இல்லை. கடலுக்கு இப்பால் வேல்சு நாட்டு மொழியில் 'தவுசோக்' என்றொரு சொல் உண்டு. இளங்கோ, நாட்டுத் தலைவன் என்று பொருள். 'தீசக்'கும் 'தவுசோக்'கும் உடன்பிறப்புகள். வேல்சின் வடபுலத்தில் கிளோகைனாக் எனும் ஊரில் கிடைத்த நினைவுக்கல் ஒன்று இவ்விரண்டும் பிரியாதிருந்த நிலையைக் காட்டுகிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையுடைய அக்கல்லில் ஒரே செய்தி இருமுறை வெட்டப்பட்டுள்ளது. முகப்பில் இலத்தீன் எழுத்து. விளிம்பில் 'ஓகம்' எனப்படும் பழைய ஐரிசுக் கோட்டெழுத்து. கல்லின் மூலையோரத்தை முதுகெலும்பாகக் கொண்டு இருமருங்கும் கோடுகள் கீறி எழுதும் முறை அது. அதில் உள்ள செய்தி இரண்டே சொற்கள்: 'சிமிலினி தொவிசாகி'. அஃதாவது, 'தலைவன் சிமிலினுடைய'. எது சிமிலினுடையது? கல்தான். கல்லே நிற்கும்போது 'கல்' என்று வேறு எழுதுவானேன்?

இங்கே உற்றுநோக்க வேண்டியது இறுதியிலுள்ள இகரம். அதுவே ஆறாம் வேற்றுமை உருபு. பின்னர் ஐரிசு மொழியில் சொல்லிறுதி அசைகள் தேய்ந்து உதிர்ந்தன. அந்த இகரமும் உதிர்ந்தது. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. போகும்போது தனக்கு முன் நின்ற மெய்யை ஒடுக்கிவிட்டுப் போயிற்று. எழுவாயில் 'தோய்செக்' என்றிருந்தது ஆறாம் வேற்றுமையில் 'தோய்சிக்' என்றானது. அதுவே மேலும் தேய்ந்து, இன்று 'தீசக்' என்பதற்கு ஆறாம் வேற்றுமை 'தீசி' என நிற்கிறது. தென்புலத்தார் 'தீசிக்' என்பர். கல்லில் வெட்டிய உருபு மறைந்து 1,000 ஆண்டுக்கு மேலாகியும், அதன் நிழல் இன்றைய அரசு மடல்தாளில் விழுந்து கிடக்கிறது. இதனைவிட உறுதியான சான்று ஒரு மொழியின் தொடர்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

இசுகாட்லாந்துக்குச் சென்ற ஐரிசு மக்கள் இச்சொல்லையும் உடன் எடுத்துச் சென்றனர். அந்நாட்டுத் 'தியர்' மடத்து நூலில் 12ஆம் நூற்றாண்டில் எழுதிச் சேர்த்த நிலக்கொடைக் குறிப்புகளில், பெருநிலத் தலைவர்க்கு அடுத்த படியில் 'தோய்செக்' எனப்படும் குடித்தலைவர் வருகின்றனர். அத்தகைய தலைவன் ஒருவனின் கால்வழியினர் 'மக் அன் தோசி', அஃதாவது 'தலைவனின் மகன்' எனப் பெயர் பெற்றனர். ஆங்கில வாயில் அது 'மக்கிண்டாசு' ஆயிற்று. அக்குடிப்பெயருடைய சார்லசு மக்கிண்டாசு என்பவர் 1823ஆம் ஆண்டு நீர்புகாத் துணிக்கு உரிமம் பெற்றார். மருத்துவமனைகளில் செவிலியர் படுக்கையின்மேல் விரிக்கும் இரப்பர்த் துணியை இன்றும் மக்கிண்டாசு என்பது அவர் பெயராலேயே. கனடாவில் அக்குடிப்பெயருடைய மற்றொருவர் பெயரால் ஓர் ஆப்பிள் வகை. அந்த ஆப்பிளின் பெயரால் 1984இல் வெளிவந்த புகழ்பெற்ற கணினி. கணினியின்முன் அமர்பவர் அதன் பெயருக்குள் ஓர் ஐரிசுத் தலைவன் ஆறாம் வேற்றுமையில் ஒடுங்கிக் கிடப்பதை அறியார்!

அயர்லாந்திலேயே இச்சொல்லின் தலைமை உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது. மன்னன் என்பதற்கு வேறு சொல் இருந்தது. பெருமன்னர் தலையெடுத்த காலத்தில் அவர்க்குக் கீழ்ப்பட்ட குடிகளின் தலைவரும் படை நடத்துவோரும் இப்பெயரால் வழங்கப்பெற்றனர். பின்னர் ஆங்கில ஆட்சி வந்தது. 1366ஆம் ஆண்டுக் கில்கெனிச் சட்டம் அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிசு பேசுதலைத் தடுத்தது. 1537ஆம் ஆண்டுச் சட்டம் ஐரிசு மக்களே ஆங்கில நடையும் ஆங்கில உடையும் ஆங்கில மொழியும் கொள்ள வேண்டுமென்றது. 1607இல் வடபுலத் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயினர். தலைவரே இல்லாத நாட்டில் தலைவன் என்ற சொல்லுக்கு என்ன வேலை? அது பழங்கதையிலும் ஏட்டிலும் போய் அடங்கிற்று.

அங்கிருந்து அதை எழுப்பிக் கொணர்ந்த ஆண்டு 1937. ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் பிறந்து சரியாக 400 ஆண்டுகள்.

அதற்குமுன் வேறு பெயர்கள் முயலப்பட்டன. 1919இல் விடுதலைப் போராளியர் தமக்கெனக் கூட்டிய முதல் நாடாளுமன்றம், தன் தலைவரைப் 'பிரீவ் ஆரெ' என்றது. தலைமையமைச்சர் என்று பொருள். ஆனால் அத்தொடரின் முதற்பாதி இலத்தீனிலிருந்து பழங்காலத்தில் வந்த இரவற் சொல். 1922இல் அமைந்த அரசில் 'செயலாட்சி மன்றத் தலைவர்' எனும் நீண்ட பெயர் வந்தது. சட்ட அலுவலர் எழுதிய பெயர் அது. மக்கள் வாயில் வளர்ந்ததன்று. 1937இல் எய்மன் தெ வலேரா புதிய யாப்பை நாடாளுமன்றத்தின் முன் வைத்தபோதுதான், இரவலும் இல்லாத, பெயர்ப்பும் இல்லாத 'தீசக்' வந்தது. அதனோடு துணைத் தலைவர்க்குத் 'தானிசுதெ' என்ற பெயரும், குடியரசுத் தலைவர்க்கு 'ஊக்தரான்' என்ற பெயரும் வந்தன. முன்னது பழைய ஐரிசில் இரண்டாவது எனப் பொருள்பட்ட சொல். பின்னது மேல் எனப் பொருள்படும் சொல்லடியாகப் பிறந்தது. பாலின்மேல் மிதக்கும் ஏட்டுக்கும் ஐரிசில் அந்த அடிச்சொல்லே பெயர்.

எதிர்ப்பு வராமல் இல்லை. பிராங்கு மக்டெர்மட்டு எனும் உறுப்பினர் ஒரு திருத்தம் கொணர்ந்தார். ஐரிசு வடிவத்தில் தீசக் இருக்கட்டும். ஆங்கில வடிவத்தில் தலைமையமைச்சர் என்பதற்குரிய ஆங்கிலத் தொடரே வரட்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் கூறிய ஏதுக்கள் மூன்று. ஆங்கிலத்துக்குள் இத்தகைய சொல்லைப் புகுத்துவது வெறும் பாவனை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் இதைத் தவறாகவே ஒலிப்பர், அது ஐரிசு மொழிக்கே இழிவு. வடபுலத்து மக்களை இது மேலும் விலக்கும். தெ வலேரா அச்சொல்லுக்குக் குடித்தலைவன், படைத்தலைவன் என்று பொருள் கூறி, மாற்ற இசையவில்லை. திருத்தம் தோற்றது. சூலை 1ஆம் நாள் மக்கள் யாப்பை ஏற்றனர். திசம்பர் 29ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தெ வலேரா முதல் தீசக் ஆனார்.

மக்டெர்மட்டு தீயவர் அல்லர், மூடரும் அல்லர். அவர் கூறியவை எங்கும் எக்காலத்தும் கூறப்படுபவை. ஆகவே ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பது தகும்.

ஒலிப்பு முதலாவது. மக்களுக்கு வாயில் வராது என்றார். வந்தது. நாள்தோறும் வானொலியில் கேட்ட சொல் ஒரு தலைமுறைக்குள் எல்லார் வாயிலும் ஏறிற்று. ஒலிக்கத் தெரியாத சொல்லை ஒலித்து ஒலித்தே அறிய வேண்டும். ஒலிக்கத் தெரிந்த பின்னரே ஒலிப்பேன் என்பவன், நீந்தத் தெரிந்த பின்னரே நீரில் இறங்குவேன் என்றவனை ஒப்பான். தெ வலேராவே நியூயார்க்கில் பிறந்தவர். வளர்ந்த பின் மொழிக்கழக வகுப்பில் சேர்ந்து ஐரிசு கற்றவர். கற்பித்த ஆசிரியையையே 1910இல் மணந்தவர். தொண்டையில் உரசும் அவ்வொலியை அவரும் பயின்றே பெற்றார்.

வடபுலத்தார் விலகுவர் என்பது அடுத்தது. 1998ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்பாட்டை எடுத்துப் பார்க்கலாம். வடபுலமும் தென்புலமும் கூடிப்பேசும் அமைச்சர் மன்றத்தைப் பற்றிய பகுதியில், ஐரிசு அரசின் சார்பில் தீசக் அமர்வார் என்று அவ்வுடன்பாட்டின் ஆங்கில வடிவமே கூறுகிறது. அவ்வுடன்பாட்டுக்கு வட அயர்லாந்தில் ஒப்போலையிட்டோருள் நூற்றுக்கு 71 பேர் இசைந்தனர். அம்மண்ணில் 30 ஆண்டுகள் குருதி சிந்தியதற்குக் கரணியங்கள் பல உண்டு. ஆட்சித் தலைவரின் பெயர் அவற்றுள் ஒன்றாக இல்லை.

பாவனை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதுவே கடுமையானது, இதில் உண்மையும் உண்டு. ஆனால் அதற்கு விடை சொல்லுமுன் இச்சொல்லின் இலக்கணத்துக்குள் சிறிது நேரம் நுழைந்தாக வேண்டும். விடை அங்கேதான் உள்ளது.

'தீசக்' ஐரிசில் ஆண்பாற் பெயர். தமிழிற்போல் பொருள் நோக்கிப் பால் வகுக்கும் முறை அங்கு இல்லை, சொல்லுக்கே பால். இளம்பெண் எனும் பொருளுடைய 'கலீன்' என்ற சொல்லும் அங்கு ஆண்பாலே! 1990இல் மேரி உராபின்சன் எனும் அம்மையார் குடியரசுத் தலைவர் ஆனபோதும் 'ஊக்தரான்' ஆண்பாற் பெயராகவே நின்றது.

வேற்றுமையில் இச்சொல் தலையிலும் காலிலும் மாறும். தமிழ்ப்பெயர் வேற்றுமை ஏற்கும்போது மாற்றம் ஈற்றில் நிகழும். முதலெழுத்தில் கைவைக்க மாட்டோம். ஐரிசிலோ முதலெழுத்தும் அசையும். தீசக்கை விளிக்க வேண்டுமாயின் 'அ' எனும் விளிச்சொல் முன்வரும், அதன்பின் தகரம் கரைந்து வெறும் மூச்சொலி ஆகிவிடும், ஈறும் ஒடுங்கும். 'அ' என்று தொடங்கி, மூச்செறிந்து, 'ஈசி' என்று முடிப்பதே முறையான விளி. தலைவர்கள் பலர் எனின் 'தீசி' என்பதே பன்மை. தலைவர்களுடைய எனின் 'நா' எனும் சுட்டின்பின் 'தீசக்' என்றே வரும். ஆனால் அத்தகரம் 'பத்து' என்பதில் வரும் வல்லோசைத் தகரம் அன்று, 'பந்து' என்பதில் வரும் மெல்லோசைத் தகரம்.

ஏன் இம்மாற்றம்? தமிழறிந்தவர்க்கு இதை விளக்குதல் எளிது. இரண்டு உயிர்களுக்கிடையே வரும் தகரம் 'காது' என்பதிற்போல் மெலியும். மெல்லினத்தை அடுத்து வரும் தகரம் 'பந்து' என்பதிற்போல் ஒலிக்கும். தமிழில் இது ஒலிப்பளவில் நிற்கிறது. எழுத்தும் பொருளும் மாறா. பழைய ஐரிசிலும் இதுவே நடந்தது. ஆனால் ஒரு சொல்லின் ஈறு அடுத்த சொல்லின் முதலைத் தாக்கும் அளவுக்கு நடந்தது. விளிச்சொல் உயிரில் முடிந்ததால் அடுத்த தகரம் கரைந்தது. பன்மையில் ஆறாம் வேற்றுமைச் சுட்டு மூக்கொலியில் முடிந்ததால் அடுத்த தகரம் மெல்லோசை பெற்றது. பின்னர் அந்த மூக்கொலி தேய்ந்து மறைந்தது; அது செய்த மாற்றம் நின்றுவிட்டது; நின்றதே இலக்கணமாயிற்று. எழுத்தில் இதைக் காட்டும் முறை இன்னும் நேர்த்தியானது. பழைய தகரத்தை அழிக்காமல், அதற்குமுன் புதிய ஒலியின் எழுத்தைச் சிறியதாக வைப்பர். வேரும் தெரியும், மாற்றமும் தெரியும்.

இந்த அசைவெல்லாம் எப்போது நிகழும்? சொல் ஐரிசுத் தொடருக்குள் நிற்கும்போது மட்டுமே நிகழும். ஆங்கிலத் தொடருக்குள் நிற்கும் தீசக் அசைவதில்லை. ஆறாம் வேற்றுமை வேண்டுமெனில் ஆங்கில உருபைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். விளிக்க வேண்டுமெனில் பலரும் வெறும் 'தீசக்' என்கிறார்கள். பன்மையில் மட்டும் செய்தித்தாள்கள் 'தீசி' என்றே எழுதுகின்றன. அந்த ஓரிடத்தில் ஐரிசு இலக்கணம் ஆங்கிலத்துக்குள் ஒரு விரலை ஊன்றியிருக்கிறது. மற்றபடி நிற்பது, உயிர் இருந்தும் கை கால் அசையாத ஓர் உருவம்.

மக்டெர்மட்டு கூறிய பாவனை இதுதான் என்றால், அதை மறுக்க இயலாது. 2022ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் ஐரிசு பேசத் தெரியும் என்று எழுதியவர் 18 நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுகிறோம் என்றவர் ஏறத்தாழ 72,000 பேர். கதவின்மேல் ஐரிசுப் பெயரைப் பொறித்துவிட்டால் கதவுக்குள் ஐரிசு பேச வேண்டா என்று ஆள்வோர் எண்ணிவிட்டனரோ என்று ஐரிசு பேசுவோரே மனம் வெதும்பிக் கேட்கின்றனர். அக்கேள்வி நயமானது. யாப்பின் 8ஆம் பிரிவு ஐரிசை முதல் ஆட்சிமொழி என்கிறது. 25ஆம் பிரிவு, இரு வடிவங்களும் முரண்பட்டால் ஐரிசு வடிவமே செல்லும் என்கிறது. ஏட்டில் இத்தனை உயரம். தெருவில் இத்தனைத் தாழ்வு. (இந்திய அரசியல் யாப்பை எழுதினோர் அரசுக்குரிய நெறிமுறைக் கோட்பாடுகளை இந்த ஐரிசு யாப்பைப் பார்த்தே அமைத்தனர். மொழிப் பிரிவைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை போலும்.)

ஆயினும் இதற்கு மக்டெர்மட்டு சொன்ன மருந்து தவறானது. அசையாத சொல்லை எடுத்துவிடுக என்றார் அவர். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அசையாத ஐரிசுச் சொல்லுக்கு மாறாக ஐரிசே இல்லாதிருக்கும், அவ்வளவே. வேண்டியது எதிர்த்திசையில் இன்னும் ஓர் அடி. சொல்லை மட்டும் நட்டவர்கள், சொல் நிற்கும் தொடரையும் சேர்த்து நட்டிருக்க வேண்டும்.

இது வெறுங்கற்பனை அன்று. அந்நாட்டிலேயே அவ்வாறு செய்த இடங்கள் உள. குடியரசுத் தலைவரின் மாளிகைக்குப் பெயர் 'ஆரசு அன் ஊக்தராயின்'. ஊக்தரான் இங்கே ஆறாம் வேற்றுமையேற்று ஊக்தராயின் ஆகிறது. ஐரிசு அறியாத மக்களும் அதை அவ்வாறே சொல்கின்றனர். நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் பெயர் 'தால் ஏரன்'. நாட்டின் பெயர் 'ஏரெ'; 'ஏரன்' என்பது 'அயர்லாந்தினுடைய'. அரசுப் பேருந்து நிறுவனத்தின் பெயரிலும் தொடர்வண்டி நிறுவனத்தின் பெயரிலும் அந்த 'ஏரன்' நிற்கிறது. பேருந்துக்குக் காத்து நிற்கும் சிறுவன் நாள்தோறும் ஓர் ஆறாம் வேற்றுமையைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறான். காவல்துறைக்கு 'அமைதிக் காவலர்' எனும் பொருளில் வைத்த ஐரிசுப் பெயரிலும் அமைதி எனும் சொல் ஆறாம் வேற்றுமையிலேயே உள்ளது. (காவலர் எனும் சொல் அங்கு அயல்வழி வந்த இரவல் என்பது வேறு செய்தி.) இத்தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒலிக்க வரவில்லை என்றும் யாரும் அழவில்லை. சொல்லைத் தொடரோடு நட்டபோது இலக்கணமும் வேர்மண்ணோடு வந்தது. ஒற்றையாய்ப் பறித்து நட்டபோது வரவில்லை.

தலைவன் எனும் இச்சொல்லைப் பற்றி இன்னோர் ஐயமும் உண்டு. சுருக்கமாகப் பார்த்து விடலாம். 1937இல் இத்தாலியிலும் செருமனியிலும் கொடுங்கோலர் இருவர் 'நடத்துவோன்' எனும் பொருளுள்ள பெயர்களையே தமக்குச் சூட்டியிருந்தனர். அதே ஆண்டில் அயர்லாந்திலும் அத்தகைய பொருளுடைய பெயரா என்று கேட்கலாம். சொல் யாரையும் கொடுங்கோலன் ஆக்குவதில்லை. 1948இல் நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை தெ வலேராவை விட்டு நீங்கிற்று. அவர் எழுந்து போனார். சான் காசுட்டெல்லோ வந்து அமர்ந்தார். ஆள் மாறினார், பெயர் மாறவில்லை. அச்சொல்லுக்கு இன்று ஐரிசு மக்கள் உள்ளத்தில் உள்ள பொருள், அவையின் நம்பிக்கை உள்ளவரை இருந்து ஆள்பவர் என்பதே. பழைய குடித்தலைவனின் வாள் அதில் இல்லை. முன்னிற்பவன் எனும் பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அவ்வவையில் மற்றொரு காட்சியும் உண்டு. அவைத்தலைவர்க்கு ஐரிசுப் பெயர் 'கியான் கோர்லெ'. உறுப்பினர் ஆங்கிலத்தில் பேச எழுந்தாலும், அவரை விளிக்கையில் பெரும்பாலும் 'அ' எனும் விளிச்சொல்லைச் சேர்த்து, முதல் ககரத்தை மெலிவித்தே விளிக்கின்றனர். அடுத்த நொடியே தீசக்கை நோக்கித் திரும்பிக் கேள்வி கேட்கையில் அவ்விளி பலகாலும் மறைந்து விடுகிறது. ஒரே வாய், ஒரே அவை, ஒரு பெயர் அசைகிறது, மற்றது அசையவில்லை. முன்னதை அசைக்கப் பழகிய நாவுக்குப் பின்னதை அசைத்தல் கடினமாகாது. யாரும் கேட்கவில்லை, அதனால் அசைக்கவில்லை.

தபுலினில் மெரியன் தெருவிலுள்ள அரசு மனையிலிருந்து செல்லும் மடல்களின் தலைப்பில் அத்துறையின் பெயர் இருமொழியிலும் உள்ளது. 'தீசக்கின் துறை' என்பதே இரண்டுக்கும் பொருள். ஐரிசு வரியில் துறை எனும் சொல்லுக்குப்பின் 'அன் தீசி' என்று வருகிறது. கிளோகைனாக் கல்லில் வெட்டிய இகரம் ஒடுக்கிவிட்டுப் போன ஈறு அதில் இருக்கிறது. ஆங்கில வரியிலும் அப்பெயரே உள்ளது. 'தீசக்' என்று, எழுவாயாகவே.